தளபதியின் நாற்காலி: வாசகர் கேள்வி–பதில்

பழைய தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, அமெரிக்காவின் ஏபிசி நிறுவனம் ஒளிபரப்பிய ‘ட்வெல்வ் ஓ கிளாக் ஹை’ என்ற விமானப்படைத் தொடரைப் போகிற போக்கில் ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தோம். அந்த ஒரு வரிக்கு வந்து சேர்ந்த கடிதங்கள் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், இந்த முறை பகுதி முழுவதையும் அந்தத் தொடருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: வெளிநாட்டில் வளர்ந்த நாட்களில் அந்தத் தொடரைக் கறுப்பு வெள்ளையில் பார்த்திருக்கிறேன். இங்கிலாந்தில் ஒரு விமானத்தளம், முகத்தில் சிரிப்பே இல்லாத ஒரு தளபதி, பெரிய நான்கு எஞ்சின் விமானங்கள் ஆகியவை நினைவில் இருக்கின்றன. நடுவில் அந்தத் தளபதி இறந்துபோய் வேறொருவர் வந்துவிட்டதாகவும் நினைவு. இது சரிதானா, அல்லது இரண்டு தொடர்களைக் குழப்பிக்கொள்கிறேனா?

பதில்: உங்கள் நினைவு சரியாகவே இருக்கிறது. முதல் எபிசோட் 1964 செப்டம்பர் 18 அன்று ஒளிபரப்பானது. 1967 ஜனவரியில் தொடர் முடிந்தது. மூன்று சீசன்கள், மொத்தம் 78 எபிசோடுகள். இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்திலிருந்து ஜெர்மனியின் மீதும் ஜெர்மனி பிடித்து வைத்திருந்த நாடுகளின் மீதும் பகலில் குண்டுவீசச் சென்ற அமெரிக்க எட்டாவது விமானப்படையைச் சேர்ந்த 918ஆவது குண்டுவீச்சு அணிதான் கதைக்களம். நீங்கள் சொல்லும் பெரிய விமானம் பி-17. ‘பறக்கும் கோட்டை’ என்று அழைக்கப்பட்டது. சிரிக்காத தளபதி, ராபர்ட் லான்சிங் நடித்த பிரிகேடியர் ஜெனரல் ஃபிராங்க் சாவேஜ். இரண்டாவது சீசனின் முதல் எபிசோடிலேயே, அதாவது 1965 செப்டம்பரில், அவர் இறந்துவிடுகிறார். அவருக்குப் பின் அணியின் பொறுப்பை ஏற்கும் கர்னல் ஜோ கேலகராகப் பால் பர்க் நடித்தார். சாவேஜின் அலுவலகத்தை நிர்வகித்த, விமானம் ஓட்டும் வயதைக் கடந்துவிட்ட மேஜர் ஹார்வி ஸ்டோவல் இரண்டு தளபதிகளிடமும் வேலை பார்த்தார். அவராக நடித்தவர் ஃபிராங்க் ஓவர்டன்.

கேள்வி: ஒரு தொடர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் நாயகனையே கொன்றுவிடுவது எந்த ஊர் நியாயம்? கதைக்கு அது தேவைப்பட்டதா?

பதில்: கதைக்குத் தேவைப்படவில்லை, கணக்குக்குத் தேவைப்பட்டது. முதல் சீசன் வெள்ளிக்கிழமை இரவு சற்றுத் தாமதமான நேரத்தில், பெரியவர்கள் பார்க்கும் வேளையில் ஒளிபரப்பானது. இரண்டாவது சீசனைத் திங்கட்கிழமை மாலை 7.30 மணிக்கு மாற்ற நிறுவனம் முடிவு செய்தது. அந்த நேரத்தில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் இளைஞர்களும் பிள்ளைகளும் என்பதால், அவர்களுக்கு ஏற்ற இளமையான நாயகன் வேண்டும் என்பதே லான்சிங்கை நீக்கியதற்கு அப்போது சொல்லப்பட்ட காரணம். இதில் ஒரு வேடிக்கை உண்டு: லான்சிங் பிறந்தது 1928இல், அவருக்குப் பதிலாக ‘இளையவர்’ என்று கொண்டுவரப்பட்ட பால் பர்க் பிறந்தது 1926இல். முகம் இளமையாகத் தெரிந்தால் போதும், பிறப்புச் சான்றிதழை யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள் போலும்.

ஆள் மாற்றத்துக்கு நிறுவனம் எந்தக் காரணத்தை வைத்திருந்தாலும், திரையில் நடந்தது வேறொன்று என்பது என் எண்ணம். முப்பதுக்கும் மேற்பட்ட வாரங்கள் ஒரு மனிதரைப் பின்தொடர்ந்து, அவருடைய கறார்தனத்தை முதலில் வெறுத்து, பிறகு அதற்குள் இருந்த அக்கறையைக் கண்டுகொண்ட பார்வையாளர், அடுத்த சீசனுக்கு ஆவலோடு வந்து உட்கார்ந்தால், அந்த மனிதர் இல்லை. அவருடைய மேசையில் வேறொருவர் இருக்கிறார். அதே ஸ்டோவல் அதே கோப்புகளைக் கொண்டுவந்து வைக்கிறார். அடுத்த நாள் தாக்குதலுக்கு எத்தனை விமானங்கள் தயார் என்ற கேள்வி அதே குரலில் எழுகிறது. 1943இல் இங்கிலாந்திலிருந்த எந்த குண்டுவீச்சுத் தளத்திலும் நடந்தது இதுதான். காலையில் கட்டிலிலிருந்து எழுந்து போனவன் திரும்பாவிட்டால், மாலைக்குள் அவனுடைய பொருள்கள் பெட்டியில் கட்டப்பட்டு, சில நாட்களில் அந்தக் கட்டிலுக்குப் புதிய ஆள் வந்துவிடுவான். கதாசிரியர்கள் திட்டமிட்டு எழுதியிருந்தால்கூட நாயகனைக் கொல்லும் துணிவு அவர்களுக்கு வந்திருக்குமா என்பது சந்தேகமே. வியாபாரம் எடுத்த முடிவு, போரைப் பற்றிய ஓர் உண்மையைத் தற்செயலாகச் சொல்லிவிட்டது. அன்றைய ரசிகர்கள் கோபப்பட்டார்கள், அது இயல்பு. ஆனால் அந்தக் கோபம்கூடத் தொடருக்குப் பொருத்தமான உணர்வுதான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேலகர் புதிதாக முளைத்த பாத்திரம் அல்லர். தொடரின் முதல் எபிசோடிலேயே பால் பர்க் அதே கேலகராக வருகிறார். அப்போது அவர் கேப்டன், ஒரு ஜெனரலின் மகன். கோழை என்று சாவேஜ் அவரைக் கடிந்துகொண்டு, அணியில் யாருக்கும் வேண்டாத ஆட்களையெல்லாம் திரட்டிய ஒரு விமானத்துக்குத் தலைவராக்கி, அந்த விமானத்துக்கு ‘தொழுநோயாளர் குடியிருப்பு’ என்று பெயரும் வைக்கச் செய்கிறார். அன்று அவமானப்பட்டவர்தான் பிறகு அவமானப்படுத்தியவரின் நாற்காலியில் அமர்கிறார். அந்த நாற்காலி எவ்வளவு சுடும் என்று அதில் அமர்ந்த பிறகுதான் அவருக்குத் தெரிகிறது.

கேள்வி: விமானச் சண்டைக் காட்சிகள் அவ்வளவு தத்ரூபமாக இருந்தன. 1960களில் அத்தனை பி-17 விமானங்களை எங்கிருந்து பிடித்தார்கள்?

பதில்: அத்தனை விமானங்களைப் பிடிக்கவில்லை, அவற்றின் படச்சுருள்களைப் பிடித்தார்கள். நீங்கள் வியந்து பார்த்த வான்காட்சிகளில் பெரும்பகுதி, போர்க்காலத்தில் உண்மையான விமானங்களிலிருந்தே எடுக்கப்பட்ட ஆவணப் படங்களும், இதே பெயரில் 1949இல் வெளிவந்த திரைப்படத்தின் காட்சிகளும்தான். விமானத்தின் உட்புறம் ஸ்டூடியோவில் கட்டப்பட்ட கூடு. தளத்தில் விமானம் ஓடுவது, எஞ்சின் கிளம்புவது போன்ற காட்சிகளுக்குக் கலிபோர்னியாவின் சீனோ விமான நிலையத்தையும் அங்கிருந்த பி-17ஐயும் பயன்படுத்திக்கொண்டார்கள். அந்த விமானத்துக்கே ஒரு வரலாறு உண்டு: அமெரிக்க விமானப்படையில் கடைசியாகப் பணியிலிருந்த பி-17 அதுதான், 1959 ஆகஸ்டில்தான் ஓய்வு பெற்றது. இன்றும் அதே ஊரின் விமான அருங்காட்சியகத்தில் ‘பிக்கடிலி லில்லி 2’ என்ற பெயரோடு நிற்கிறது.

இப்படி ஒட்டுப்போட்டு உருவாக்கியதன் விளைவைக் கூர்ந்து பார்த்தால் கண்டுகொள்ளலாம். ஒரு காட்சியில் கிளம்பும் விமானத்தின் வாலிலுள்ள எழுத்து, அடுத்த காட்சியில் வானத்தில் மாறியிருக்கும். மேகமே இல்லாத வானத்தில் புறப்பட்டவர்கள் நொடிப்பொழுதில் மேகங்களுக்கு நடுவே பறப்பார்கள். இந்தப் பிழைகளை எண்ணிப் பட்டியலிடுவதில் ஆர்வம் கொண்டவர்கள் உண்டு. எனக்கு அதில் ஆர்வமில்லை. இறக்கை ஒடிந்து சுழன்றபடி விழும் ஒரு விமானத்தைத் திரையில் பார்க்கும்போது, அதற்குள் உண்மையிலேயே பத்துப் பேர் இருந்தார்கள் என்பதும், அது நடிப்பல்ல என்பதும்தான் என்னை உறுத்துகிறது. பொழுதுபோக்குத் தொடர் ஒன்று உண்மையான மரணத்தை எத்தனை முறை மறுபடியும் மறுபடியும் காட்டலாம் என்ற கேள்வியை அந்த நாட்களில் யாரும் பெரிதாக எழுப்பவில்லை.

கேள்வி: எதிரி விமானங்கள் எப்போதும் நேர் எதிரிலிருந்தே பாய்ந்து வருவது காட்சி நன்றாக இருப்பதற்காகவா? பின்னால் வந்து சுடுவதுதானே எளிது?

பதில்: காட்சிக்காக அல்ல. தொடரின் பெயரே அந்த ஆபத்தைக் குறிப்பதுதான். விமானத்தை ஒரு கடிகார முகமாகக் கொண்டால் மூக்கு இருக்கும் பக்கம் பன்னிரண்டு மணி. பகைவன் நேர் முன்னால், நமக்கு மேலே இருந்து வருகிறான் என்று குழுவினர் ஒருவருக்கொருவர் எச்சரிக்கும் குரல் அது. பி-17இன் வால், முதுகு, வயிறு, இருபக்கம் எல்லாவற்றிலும் துப்பாக்கிகள் இருந்ததால், பின்னாலிருந்து நெருங்கும் சண்டை விமானம் நெடுநேரம் அவற்றின் குறியில் மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் தொடக்ககால பி-17களில் மூக்குப்பகுதியின் பாதுகாப்பு மிகவும் பலவீனம். 1942 நவம்பரில் ஜெர்மானிய விமானி ஏகன் மேயரும் அவருடைய சகாக்களும் இந்தப் பலவீனத்தைக் கண்டுகொண்டு நேர் எதிரில் வந்து தாக்கத் தொடங்கினார்கள். இரு தரப்பும் ஒன்றையொன்று நோக்கிப் பறப்பதால், இடைவெளி நொடிக்கு 200 மீட்டருக்கும் மேலாகக் குறைந்துகொண்டே வரும். சுடுவதற்குக் கிடைப்பது கண்ணிமைக்கும் நேரம்தான். மூக்குக்குக் கீழே கூடுதலாக இரட்டைத் துப்பாக்கிக் கூண்டு பொருத்திய பி-17ஜி வகை 1943இன் பிற்பகுதியில்தான் களத்துக்கு வந்தது. தொடரின் கதை அதற்கு முந்தைய, மூக்கு திறந்து கிடந்த நாட்களில் தொடங்குகிறது. முன்கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் விமானி விலகவும் முடியாமல், சுடவும் துப்பாக்கி இல்லாமல், வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய நிலையை அந்த நேர்எதிர்க் காட்சிகள் நன்றாகவே உணர்த்துகின்றன.

கேள்வி: 918ஆவது அணி உண்மையில் இருந்ததா? ஜெனரல் சாவேஜ் என்று ஒருவர் வாழ்ந்தாரா?

பதில்: 918 என்பது கற்பனை எண். பெட்ஃபர்ட்ஷயரில் தர்லீ என்ற ஊரில் இயங்கிய 306ஆவது அணியின் எண்ணை மூன்றால் பெருக்கினால் 918 வரும். அந்த அணியில் 1943 ஜனவரி தொடக்கத்தில் பழைய தளபதியை மாற்றிவிட்டு, கர்னல் ஃபிராங்க் ஆம்ஸ்ட்ராங்கைப் பொறுப்பில் அமர்த்தினார்கள். சாவேஜுக்கு மூலம் இவரே என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட செய்தி. எட்டாவது விமானப்படையின் கனரக குண்டுவீச்சு விமானங்கள் 1942 ஆகஸ்ட் 17 அன்று முதன்முதலாகப் பிரான்சின் ரூவான் அருகே சென்று தாக்கியபோது தலைமை தாங்கியவர் அவர். 1943 ஜனவரி 27 அன்று அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் முதன்முறையாக ஜெர்மன் மண்ணைத் தாக்கிய வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் பயணத்திலும் முன்னால் சென்றது அவருடைய 306ஆவது அணிதான்.

இந்தக் கதையை 1948இல் நாவலாக எழுதிய இருவரும், அதாவது பெர்ன் லே, சை பார்ட்லெட் ஆகியோர், எட்டாவது விமானப்படையில் பணியாற்றியவர்கள். லே 1943 ஆகஸ்ட் 17 அன்று ரெகன்ஸ்பர்க் தாக்குதலில் 100ஆவது அணியின் ஒரு விமானத்தில் பார்வையாளராகச் சென்று, அன்று அந்த அணி ஒன்பது விமானங்களை இழந்ததைத் தன் கண்ணால் பார்த்தவர். அவர் சென்ற விமானத்தின் பெயர் ‘பிக்கடிலி லில்லி’. தொடரில் சாவேஜ் ஓட்டும் விமானத்துக்கும் அதே பெயர்தான். உண்மையான பிக்கடிலி லில்லி அதே ஆண்டு அக்டோபர் 8 அன்று பிரெமன் நகரத்தின் மீது சென்றபோது வீழ்ந்தது. திரையில் ஒவ்வொரு வாரமும் பத்திரமாகத் திரும்பி வந்த அந்தப் பெயருக்குப் பின்னால் இப்படி ஒரு முடிவு இருந்ததைத் தொடர் எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை.

கேள்வி: 25 முறை சென்று வந்தால் ஊருக்குப் போகலாம் என்று தொடரில் வருகிறது. இருபத்தைந்துதானே, அதற்கு ஏன் அவ்வளவு பதற்றம்?

பதில்: எண் சிறியதாகத் தோன்றும், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பயணத்திலும் நூறு விமானங்களுக்கு ஐந்து திரும்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்குப் பெரிய இழப்பாகத் தெரியாது. ஆனால் அதே விகிதத்தில் 25 முறை சென்றால், புறப்பட்ட நூறு பேரில் 28 பேர்தான் இறுதிவரை எஞ்சுவார்கள். ஐந்து என்பதும் சராசரியான நாளுக்கான கணக்குதான். 1943 ஆகஸ்ட் 17 அன்று ஷ்வைன்ஃபர்ட் நகரத்தின் பால்பேரிங் ஆலைகளையும் ரெகன்ஸ்பர்க்கின் விமான ஆலையையும் நோக்கி 376 விமானங்கள் சென்றன, 60 திரும்பவில்லை. அக்டோபர் 14 அன்று மறுபடியும் ஷ்வைன்ஃபர்ட்டுக்கு 291 விமானங்கள் சென்றன. மறுபடியும் 60 வீழ்ந்தன. அதாவது ஐந்தில் ஒன்று. ஒரு விமானத்துக்குப் பத்துப் பேர் என்றால் ஒரே பிற்பகலில் அறுநூறு பேர். நெடுந்தூரம் துணைக்கு வரக்கூடிய முஸ்டாங் சண்டை விமானங்கள் அந்த ஆண்டின் இறுதியில் வரத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. மாறிய பிறகு, வீரர்களுக்குரிய பயண எண்ணிக்கையை 30 ஆகவும் பிறகு 35 ஆகவும் உயர்த்திவிட்டார்கள் என்பது வேறு கதை. போர் முடிந்தபோது எட்டாவது விமானப்படையில் இறந்தவர்கள் 26,000 பேருக்கும் அதிகம்.

குளிரையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் பறந்த 25,000 அடி உயரத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே நாற்பது டிகிரிவரை இறங்கும். விமானத்தின் இடுப்புப் பகுதியில் துப்பாக்கி வீரர்கள் நின்ற சன்னல்கள் அப்போது திறந்தே இருந்தன. கையுறையைக் கழற்றித் துப்பாக்கியைத் தொட்டால் தோல் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். மூச்சின் ஈரம் ஆக்சிஜன் முகமூடியின் குழாயில் பனிக்கட்டியாக உறைந்துவிடுவதால், அவ்வப்போது குழாயைக் கையால் கசக்கி அதை உடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மறந்தால் மயக்கம், மயக்கம் தெளியாவிட்டால் மரணம். ஸ்டூடியோ விளக்குகளின் சூட்டில் வியர்த்துக்கொண்டே நடித்தவர்களால் இந்தக் குளிரைக் காட்ட முடியவில்லை. தொடரின் பெரிய குறை எது என்று கேட்டால் வால் எழுத்து மாறியதை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

கேள்வி: என் மகனுக்கு இந்தத் தொடரைப் போட்டுக் காட்டினேன். ‘எப்போது பார்த்தாலும் அறைக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்களே’ என்று எழுந்து போய்விட்டான். அவனுக்கு என்ன சொல்வது?

பதில்: அவர் சொல்வது உண்மை, மறுக்க வேண்டாம். இது பறப்பதைப் பற்றிய தொடர் அல்ல. பறப்பதற்கு ஆட்களை அனுப்புவதைப் பற்றிய தொடர். தயாரிப்பாளர் குவின் மார்ட்டின் அதே ஆண்டுகளில் ‘தி ஃபியூஜிடிவ்’, ‘தி எஃப்.பி.ஐ.’ ஆகிய தொடர்களையும் தயாரித்தவர். ஒவ்வொரு எபிசோடையும் நாடகம்போல் அங்கங்களாகப் பிரித்து, இறுதியில் முடிவுரை என்று தனியாக ஒரு பகுதி வைப்பது அவருடைய பாணி. அந்த நாடகத்தன்மை இந்தக் கதைக்கு நன்றாகப் பொருந்தியது.

குண்டுவீச்சு அணியின் உயிர்நாடி அணிவகுப்பு. விமானங்கள் ஒன்றையொன்று ஒட்டி, மேலும் கீழுமாக அடுக்கிப் பறந்தால்தான் ஒரு விமானத்தின் துப்பாக்கிகள் இன்னொன்றைக் காக்கும். எனவே அடிபட்டு வேகம் குறைந்து பின்தங்குகிறவனுக்காக யாரும் வேகத்தைக் குறைக்கக் கூடாது. இலக்கை நெருங்கும்போது விமானத்தின் போக்கு குண்டுவீசுபவரின் குறிபார்க்கும் கருவியிடம் ஒப்படைக்கப்படும். கீழிருந்து பீரங்கிகள் வெடித்துக்கொண்டிருந்தாலும் இம்மியும் வளையாமல் நேராகப் பறக்க வேண்டும். இந்த இரண்டு விதிகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், அறைக்குள் நடக்கும் பேச்சு எதைப் பற்றியது என்பது புரியும். பின்தங்கியவன் உங்களோடு ஒரே அறையில் தூங்கிய நண்பன். அவனை விட்டுவிட்டு வா என்று சொல்வது தளபதியின் வேலை. சொன்னபடி விட்டுவிட்டு வந்தவன் மறுநாள் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டான். சொல்லை மீறி அணியைக் கலைத்தவனை நீங்கள் தண்டிக்க வேண்டும். அவன் செய்தது மனிதத்தன்மை என்பது உங்களுக்கும் தெரியும். 1949 திரைப்படத்தில் இதே சாவேஜாக நடித்த கிரிகரி பெக் இந்தச் சுமையைத் தாங்க முடியாமல் ஒரு கட்டத்தில் உடைந்துபோவார். அந்தப் படம் தலைமைப் பண்பு பற்றிய பாடமாக அமெரிக்க விமானப்படைப் பயிற்சிகளிலும் மேலாண்மை வகுப்புகளிலும் நெடுங்காலம் காட்டப்பட்டு வந்திருக்கிறது. லான்சிங்கின் சாவேஜ் அப்படி உடைவதில்லை. வாரந்தோறும் வரும் தொடரில் அது முடியவும் முடியாது. அவர் இன்னும் கொஞ்சம் இறுகிப்போகிறார், அவ்வளவுதான். அந்த இறுக்கத்தை அவர் கண்களிலும் தாழ்ந்த குரலிலுமே காட்டியிருப்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். அப்படியும் மகன் எழுந்து போனால் வற்புறுத்த வேண்டாம். சில தொடர்களுக்கு வயது வர வேண்டும்.

கேள்வி: குண்டு போடுகிறவர்களின் வேதனையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறீர்கள். குண்டு யார் தலையில் விழுந்தது என்று அந்தத் தொடர் எப்போதாவது கேட்டதா?

பதில்: போதிய அளவுக்குக் கேட்கவில்லை. ஆலை, தண்டவாளம், நீர்மூழ்கிக் கப்பல் துறை என்று இலக்குகளைத் துல்லியமாகத் தேர்ந்தெடுத்துத் தாக்குகிறோம் என்பதே பகல்நேரத் தாக்குதலுக்கு அமெரிக்கத் தரப்பு சொன்ன நியாயம். இரவில் நகரங்களின் மீது பரவலாகக் குண்டுவீசிய பிரிட்டிஷ் முறையிலிருந்து தாங்கள் வேறுபட்டவர்கள் என்றும் அது சொல்லிக்கொண்டது. தொடர் அந்த நியாயத்தை ஏறக்குறைய அப்படியே ஏற்றுக்கொள்கிறது. மேகம் மூடிய ஐரோப்பிய வானத்தில், ரேடாரை நம்பி 25,000 அடியிலிருந்து போட்ட குண்டுகளில் ஏராளமானவை குறியைத் தவறி வீடுகளின் மீது விழுந்தன என்பது போருக்குப் பிந்தைய ஆய்வுகள் ஒத்துக்கொண்ட செய்தி. கேமரா விமானத்துக்குள்ளேயே இருந்துவிட்டதால், கீழே எழும் புகை பார்வையாளருக்கு வெற்றியின் அடையாளமாக மட்டுமே தெரிந்தது.

இன்னொரு பொருத்தத்தையும் மறக்க முடியாது. தொடரின் முதல் சீசன் முடிவதற்கு முன்பே, 1965 மார்ச்சில், வட வியட்நாமின் மீது அமெரிக்கா தொடர் குண்டுவீச்சைத் தொடங்கிவிட்டது. அதே ஆண்டு ஜூனில் பி-52 விமானங்களும் தென் வியட்நாமில் குண்டு போட்டன. நியாயமான போர் என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு போரின் குண்டுவீச்சு நாடகமாகவும், நியாயம் பற்றி நாடே பிளவுபட்ட இன்னொரு போரின் குண்டுவீச்சு செய்தியாகவும், ஒரே பெட்டியில், ஒரே மாலையில் வந்துகொண்டிருந்தன. கேலகரின் சீசன்களை இன்று பார்க்கும்போது இதை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்க்க என்னால் முடிவதில்லை.

கேள்வி: இதைவிட 1970களில் வந்த ‘பா பா பிளாக் ஷீப்’ தொடர்தான் விறுவிறுப்பு என்பேன். ஒப்புக்கொள்வீர்களா?

பதில்: விறுவிறுப்பு என்றால் தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறேன். பசிபிக் போர்முனையில் பாப்பி பாயிங்டன் தலைமையில் போரிட்ட அமெரிக்க மரைன் படையின் சண்டை விமான அணி ஒன்றைப் பற்றி என்பிசி நிறுவனம் 1976 முதல் 1978 வரை ஒளிபரப்பிய அந்தத் தொடரில் ராபர்ட் கான்ராட் நடித்தார். அதில் கோர்சேர் விமானங்கள் உண்மையாகவே பறந்தன. ஆவணப் படத்தை ஒட்டுப்போட வேண்டிய தேவை குறைவு. ஆனால் குடித்துவிட்டுச் சண்டை போடும் அடங்காப்பிடாரிகளாகத் தங்களைச் சித்தரித்ததை அந்த அணியில் உண்மையில் பணியாற்றிய பலர் விரும்பவில்லை. அதில் பறத்தல் நிஜம், மனிதர்கள் கற்பனை. இதில் பறத்தல் ஒட்டுவேலை, மனிதர்கள் நிஜத்துக்கு வெகு அருகில். எது வேண்டும் என்பது அவரவர் விருப்பம்.

கேள்வி: முழுத் தொடரையும் பார்க்க நேரமில்லை. எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

பதில்: முதல் சீசனின் முதல் எபிசோடையும் இரண்டாவது சீசனின் முதல் எபிசோடையும் அடுத்தடுத்துப் பாருங்கள். கேலகர் அவமானப்படுவதும், கேலகர் பொறுப்பேற்பதும் ஒரே கதையின் இரண்டு பாதிகளாகச் சேர்ந்துகொள்ளும். நேரம் கிடைத்தால் முதல் சீசன் முழுவதையும் பார்க்கலாம். லான்சிங் இருக்கும் 32 எபிசோடுகளில் சோர்வு தருபவை சிலவே. அந்தச் சீசனின் நடுவில் உயரதிகாரி ஜெனரல் குரோவாக நடித்த ஜான் லார்கின் 1965 ஜனவரியில் காலமாகிவிட்டதால், அந்த இடத்துக்கு ஆண்ட்ரூ டகன் நடித்த ஜெனரல் பிரிட் வருகிறார். காரணம் தெரியாமல் பார்த்தால் குழப்பம் வரும் என்பதால் சொல்கிறேன். இரண்டாவது சீசனில் சார்ஜென்ட் கோமான்ஸ்கியாக வரும் கிறிஸ் ராபின்சனுக்கும் கேலகருக்கும் இடையிலான உரசல்கள் பார்க்கத் தகுந்தவை.

1966 இலையுதிர் காலத்தில் அமெரிக்க நிறுவனங்கள் மூன்றும் முக்கிய நேர நிகழ்ச்சிகளை வண்ணத்துக்கு மாற்றியபோது இந்தத் தொடரும் வண்ணத்துக்கு மாறியது. போர்க்கால ஆவணப் படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை என்பதால், அதுவரை தொடரின் பலமாக இருந்த வான்காட்சிகள் அந்த மாற்றத்துக்குப் பிறகு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நின்றன. பதினேழு எபிசோடுகளோடு நிறுத்திவிட்டார்கள். அந்த மூன்றாவது சீசனைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்காமல் விட்டாலும் பெரிய இழப்பில்லை.